ஃபிட்ஸ் மாத்திரை எனக்கு எதற்கு? காபாபென்டின், பிரிகாபலின் பற்றி வாசகர் கேள்விகள்

சுகர், அக்கி, ஜவ்வு விலகல் என்று தொடக்கம் எதுவாக இருந்தாலும், நரம்பு வலி என்று வந்துவிட்டால் மருந்துச் சீட்டில் இந்த இரண்டு பெயர்களில் ஒன்று அநேகமாக இருக்கும். சந்தேகங்களும் அதற்கேற்ப வந்து குவிந்திருக்கின்றன. ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

பல வருடமாகச் சுகர் இருக்கிறது. ராத்திரியில் பாதம் நெருப்பில் வைத்ததுபோல் எரிகிறது. டாக்டர் காபாபென்டின் 300 எழுதினார். மெடிக்கல் ஷாப் தம்பியோ, "இது ஃபிட்ஸ் மாத்திரை சார்" என்கிறார். எனக்கு ஃபிட்ஸே வந்தது கிடையாது. மாற்றிக் கொடுத்துவிட்டார்களா?

மாற்றவில்லை. அந்தத் தம்பி சொன்னதும் பொய்யில்லை. 1993 கடைசியில் அமெரிக்காவில் காபாபென்டினுக்கு அனுமதி கிடைத்தது வலிப்புக்குத்தான். அதுவும் ஏற்கெனவே எடுக்கும் வலிப்பு மருந்தோடு கூடுதலாகச் சேர்த்துக்கொள்ள. அக்கி ஆறிய பிறகும் விடாமல் நீடிக்கும் நரம்பு வலிக்கு 2002இல் அனுமதி வந்தது. அதன் தம்பி மாதிரியான பிரிகாபலின் 2004 டிசம்பரில், சர்க்கரை நோயால் வரும் நரம்பு வலிக்கும் சேர்த்தே அனுமதி பெற்றது.

வலிப்புக்கும் பாத எரிச்சலுக்கும் என்ன உறவு? இரண்டிலுமே நரம்பு செல்கள் தேவையில்லாமல், அளவுக்கு மீறி சிக்னல் அனுப்புகின்றன. வலிப்பில் அது மூளையில் நடக்கிறது. உங்களுக்குக் காலில் கெட்டுப்போன நரம்பிலும், அது வந்து சேரும் முதுகுத் தண்டிலும் நடக்கிறது. பாதத்தில் நெருப்பு ஏதும் இல்லை, ஆனால் நெருப்பு என்ற செய்தி மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது.

செய்தி ஒரு நரம்பிலிருந்து அடுத்த நரம்புக்குத் தாவ வேண்டுமானால், முதல் நரம்பின் நுனியில் இருக்கும் வாயில்கள் வழியாகக் கால்சியம் உள்ளே போக வேண்டும். கால்சியம் போனால்தான், அங்கே பொட்டலம் பொட்டலமாகக் காத்திருக்கும் குளூட்டமேட் போன்ற ரசாயனங்கள் வெளியே கொட்டும். இந்த வாயில்களைச் செல்லின் உள்ளிருந்து நுனிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதில் ஆல்பா-2-டெல்டா என்ற புரதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. நரம்பு அடிபட்டால் இந்தப் புரதம் பெருகுகிறது. வாயில்கள் கூடுகின்றன, சிக்னலும் கூடுகிறது. காபாபென்டின், பிரிகாபலின் இரண்டும் போய் ஒட்டிக்கொள்வது இந்தப் புரதத்தில்தான். ஒட்டியதும் நுனிக்குப் போகும் வாயில்கள் குறைகின்றன, கொட்டும் ரசாயனமும் குறைகிறது. திருவிழாவில் அலறும் குழாய் ஸ்பீக்கரின் சத்தத்தைக் குறைத்து வைப்பது மாதிரி. பழுதான ஒயரை இது சரிசெய்யாது. அதற்குச் சுகரைக் கட்டுக்குள் வைப்பதுதான் வழி. டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் இந்த எரிச்சலில் பெரிதாக எடுபடாததற்கும் காரணம் இதுதான். அவை வீக்கத்தால் வரும் வலிக்கானவை, நரம்பின் இந்தக் கோளாறை அவை தொடுவதே இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. மூளையில் காபா என்று, நரம்புகளை அடக்கிவைக்கும் ரசாயனம் ஒன்று உண்டு. அதன் சாயலில்தான் காபாபென்டினை உருவாக்கினார்கள். ஆனால் காபா ஒட்டும் இடத்தில் இது ஒட்டவே இல்லை! ஆல்பா-2-டெல்டா விஷயம் பன்றி மூளையை வைத்துச் செய்த ஆய்வில் 1996இல்தான் வெளிவந்தது. அதற்குள் மருந்து கடைக்கு வந்து வருடங்கள் ஆகியிருந்தன.

அக்கிக்குப் பிறகு வந்த வலிக்குப் பத்து நாளாக ராத்திரி ஒரு 300 எடுக்கிறேன். துளிகூடக் குறையவில்லை. இரண்டு மூன்றாகச் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாமா?

நீங்களாகக் கூட்ட வேண்டாம். ஆனால் மருந்து வேலை செய்யவில்லை என்று இப்போதே முடிவுகட்டவும் வேண்டாம். ராத்திரி ஒரு 300 என்பது உடம்பைப் பழக்குவதற்கான ஆரம்பம்தான். சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கு அக்கி வலியில் படிப்படியாக ஒரு நாளைக்கு 1800 மில்லிகிராம் வரை போவது வழக்கம், மூன்று வேளையாகப் பிரித்து. சரியான அளவுக்கு வந்து இரண்டு வாரமாவது பார்த்துவிட்டுத்தான் பலன் உண்டா இல்லையா என்று சொல்ல முடியும்.

மொத்தமாக விழுங்குவதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. காபாபென்டின் குடலிலிருந்து ரத்தத்துக்குள் போக, புரதச் சத்தை உள்ளே எடுத்துச்செல்லும் அதே போக்குவரத்தைத்தான் நம்பியிருக்கிறது. அதற்கு ஒரு எல்லை உண்டு. ஒரு நாளைக்கு 900 மில்லிகிராம் எடுத்தால் சுமார் 60 சதவீதம் ரத்தத்தில் சேர்கிறது. 3600 எடுத்தால் சேர்வது 33 சதவீதம்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: மாத்திரை நான்கு மடங்கு, ரத்தத்தில் சேர்வது இரண்டு மடங்கு சொச்சம். மூன்று வேளையாகப் பிரிப்பதற்கு இது ஒரு காரணம். ஐந்து முதல் ஏழு மணி நேரத்தில் ரத்தத்தில் இருக்கும் மருந்து பாதியாகிவிடுவது இன்னொரு காரணம். பிரிகாபலினுக்கு இந்த எல்லைத் தொல்லை இல்லை. 90 சதவீதத்துக்கு மேல் அப்படியே சேர்ந்துவிடும், அதனால் இரண்டு வேளை போதும்.

எதிர்பார்ப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை யாரும் சீட்டில் எழுதித் தருவதில்லை. அக்கி வலி, சர்க்கரை நரம்பு வலி இரண்டிலும் இந்த மருந்தால் வலி பாதிக்குப் பாதி குறைவது பத்துப் பேரில் மூன்று நான்கு பேருக்குத்தான். வெறும் மாவு மாத்திரை கொடுத்தாலே பத்தில் இரண்டு பேருக்கு அந்த அளவு குறைகிறது. சிலருக்குத்தான் இது கேட்கும், எல்லோருக்கும் அல்ல. உங்களுக்குக் கேட்கவில்லை என்றால் மருத்துவரிடம் அமிட்ரிப்டிலின், டுலாக்செடின் போன்ற வேறு வழிகளைப் பற்றிப் பேசுங்கள்.

அப்பாவுக்கு 72 வயது. கிரியேட்டினின் 2.1. நரம்பு வலிக்குக் காபாபென்டின் 300 மூன்று வேளை கொடுத்தோம். நாலாவது நாளிலிருந்து தள்ளாடுகிறார், பேச்சு குழறுகிறது, பகலெல்லாம் தூக்கம். பக்கவாதமோ என்று பயமாக இருக்கிறது.

இந்தக் கேள்விக்குக் கடிதத்தில் பதில் எதிர்பார்த்துக் காத்திருக்கக் கூடாது. முதலில் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். பேச்சு குழறும்போது அது பக்கவாதமா இல்லையா என்பதை நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அப்படிப் பார்த்து அது இல்லை என்றால், என் சந்தேகம் மாத்திரை மேல்தான். மற்ற பல மருந்துகளைக் கல்லீரல் உடைத்து வெளியேற்றும். இந்த இரண்டையும் கல்லீரல் தொடுவதே இல்லை. உள்ளே போனது போனபடியே சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டும். நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கு ஆறு மணி நேர வாக்கில் பாதியாகும் காபாபென்டின், சிறுநீரகம் மிகவும் குறைந்தவருக்குப் பாதியாக 52 மணி நேரம் ஆகிறது. சிறுநீரே இறங்காத டயாலிசிஸ் நோயாளிக்கு, டயாலிசிஸ் இல்லாத நாட்களில் 132 மணி நேரம். மூன்று வேளை என்று நாம் கொடுத்துக்கொண்டே போனால் முந்தைய மருந்தின் மேல் அடுத்தது ஏறி உட்காரும். தள்ளாட்டம், குழறல், கை கால் உதறல், நினைவு தடுமாறுதல் எல்லாம் வரும்.

சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் எண்ணை மட்டும் பார்த்து ஏமாறவும் கூடாது. தசை வற்றிய முதியவருக்கு 1.2 என்று வந்தாலே சிறுநீரகம் வடிகட்டும் வேகம் பாதியாக இருக்கலாம். வயது, எடை சேர்த்து அந்த வேகத்தைக் கணக்கிட்டுத்தான் டோஸ் முடிவு செய்ய வேண்டும். வேகம் நிமிடத்துக்கு 30 முதல் 59 மில்லிலிட்டருக்குள் இருந்தால் காபாபென்டின் ஒரு நாளைக்கு 400 முதல் 1400 மில்லிகிராம், 15 முதல் 29 என்றால் 200 முதல் 700, அதுவும் ஒரே வேளையாக. முழு டோஸில் தொடங்கிவிட்டுப் பிறகு ரத்தப் பரிசோதனை செய்யும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. வரிசை தலைகீழ்.

என் மாத்திரையில் பிரிகாபலினோடு மெத்தில்கோபாலமின் என்றும் போட்டிருக்கிறது. நரம்புச் சத்து மாத்திரைதானே, வாழ்நாள் முழுக்க எடுக்கலாமா?

சத்து என்பது அந்த இரண்டாவது பெயருக்கு மட்டும் பொருந்தும். அது பி12 வைட்டமின். நம் ஊரில் இரண்டையும் ஒரே மாத்திரையில் வைத்து விற்கிறார்கள், அதனால் மொத்தமும் டானிக் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. பிரிகாபலின் டானிக் அல்ல.

பி12 குறைந்தாலே கால் மதமதப்பும் எரிச்சலும் வரும். சுகருக்கு மெட்ஃபார்மின் பல வருடம் எடுப்பவர்களுக்கும், அசைவம், பால் எதுவும் தொடாதவர்களுக்கும் அது குறைய வாய்ப்பு அதிகம். ரத்தத்தில் அளந்து பாருங்கள். குறைந்திருந்தால் பி12ஐத் தனியாகப் போதுமான அளவில் எடுப்பது நல்லது. குறையாதவருக்கு அதனால் பெரிதாக ஒன்றும் ஆகப்போவதில்லை. ஒன்றாகக் கட்டிய மாத்திரையில் இன்னொரு அசௌகரியம்: ஒன்றைக் கூட்டி இன்னொன்றைக் குறைக்க முடியாது.

டிஸ்க் பிதுங்கி இடுப்பிலிருந்து கால் வரை இழுக்கிறது. மூன்று மாதமாகப் பிரிகாபலின். இதற்கு இது கேட்குமா?

சயாட்டிகா என்னும் இந்த வலிக்கு இதை எழுதாத இடமே இல்லை எனலாம். ஆனால் ஆதாரம் பலவீனம். ஆஸ்திரேலியாவில் 209 சயாட்டிகா நோயாளிகளிடம் பிரிகாபலினையும் மாவு மாத்திரையையும் ஒப்பிட்ட ஆய்வு 2017இல் வெளியானது. கால் வலியில் வித்தியாசமே தெரியவில்லை. தலைசுற்றல் மட்டும் மருந்து எடுத்தவர்களுக்கு அதிகம்.

பிறகு ஏன் எல்லா வலிக்கும் எழுதுகிறார்கள்? ஒரு காரணம், கையில் வேறு நல்ல மருந்து இல்லாதது. இன்னொன்று வியாபாரம். அனுமதி இல்லாத நோய்களுக்கெல்லாம் காபாபென்டினை எழுதும்படி மருத்துவர்களைத் தூண்டியதற்காக, அதைத் தயாரித்த வார்னர்-லாம்பர்ட் நிறுவனம் 2004இல் அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 43 கோடி டாலர் கட்டியது. அபராதம் கட்டியாயிற்று, எழுதும் பழக்கம் மட்டும் போகவில்லை.

மூன்று மாதத்தில் உங்களுக்குப் பலன் தெரியவில்லை என்றால், தொடர்வதில் அர்த்தமில்லை என்பது என் கருத்து. சயாட்டிகா பெரும்பாலும் மாதங்களில் தானாகவே தணியும். ஆனால் சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனாலோ, பாதம் தூக்க முடியாமல் துவண்டாலோ அன்றைக்கே மருத்துவமனை.

வலி போய்விட்டது. நாளையிலிருந்து நிறுத்திவிடலாமா?

திடீரென்று கூடாது. குறைந்தது ஒரு வாரம், நீண்ட நாள் எடுத்தவர் என்றால் இன்னும் மெதுவாக, மருத்துவர் சொல்லும் படிகளில் குறைக்க வேண்டும். சட்டென்று விட்டால் தூக்கமின்மை, படபடப்பு, வியர்வை, குமட்டல் வரலாம். வலிப்புக்காக எடுப்பவருக்கு நிற்காத வலிப்பே வரக்கூடும்.

பிரிகாபலின் ஆரம்பித்ததிலிருந்து கால் வீங்குகிறது, எடையும் ஏறுகிறது. மருந்தாலா?

இருக்கலாம், இரண்டும் இதன் தெரிந்த பக்கவிளைவுகள். உங்கள் சுகர் மாத்திரையில் பையோகிளிட்டசோன் இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் நீர் கோக்க வைக்கும் மருந்து. இரண்டும் சேர்ந்தால் வீக்கமும் எடையும் இன்னும் கூடும். இதயம் பலவீனமானவர் என்றால் மூச்சு வாங்குகிறதா என்பதையும் கவனித்து உடனே சொல்லுங்கள்.

என் மகளுக்குப் பத்து வயது. வகுப்பில் சில நொடி அப்படியே வெறித்துப் பார்த்து நின்றுவிடுவாள். வலிப்புக்கு வால்ப்ரோயேட் எடுக்கிறாள். காபாபென்டினில் பக்கவிளைவு குறைவாமே, மாற்றலாமா?

வேண்டாம் அம்மா. காபாபென்டின் மூளையின் ஒரு பகுதியில் தொடங்கும் வலிப்புக்கு மட்டும் துணை மருந்து. உங்கள் மகளுக்கு இருப்பது போன்ற வெறித்துப் பார்க்கும் வகைக்கு உதவாது, சிலருக்கு அதை மோசமாக்கவும் செய்யும். வலிப்பில் வகை தெரியாமல் மருந்து மாற்றுவது ஆபத்து. வால்ப்ரோயேட் பற்றிப் பெண் குழந்தைகள் வளர வளர மருத்துவரிடம் பேச வேண்டியது நிறைய உண்டு, அதைக் கேளுங்கள். ஆனால் அதற்கு மாற்று இது அல்ல.

ராத்திரி இதோடு வலிக்கு டிராமடாலும் கொடுத்திருக்கிறார்கள். அப்புறம், எப்போதாவது ஒரு பெக்?

பெக்கை விட்டுவிடுங்கள். டிராமடால், கோடீன் கலந்த இருமல் மருந்து, தூக்க மாத்திரை, மது எல்லாமே மூச்சை மந்தமாக்கும் கூட்டாளிகள். காபாபென்டின், பிரிகாபலினோடு அவை சேரும்போது மூச்சு அடங்கிப்போகும் ஆபத்து உண்டு என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019 டிசம்பரில் எச்சரித்தது. வயதானவர்களும், நுரையீரல் நோய் உள்ளவர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். டிராமடாலை எழுதியவரும் இதை எழுதியவரும் வேறு வேறு டாக்டர்கள் என்றால், இரண்டு சீட்டையும் ஒருவரிடமாவது ஒன்றாகக் காட்டுங்கள். டோஸ் கூட்டும் நாட்களில் பைக்கும் ஓட்டாதீர்கள்.

ஜெலுசில் மாதிரி அசிடிட்டி மருந்தோடு சேர்த்துக் குடிக்கலாமா?

அலுமினியம், மக்னீசியம் உள்ளவை காபாபென்டின் சேர்வதை 20 சதவீதம் அளவுக்குக் குறைக்கும். அதைக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து மாத்திரை போடுங்கள்.

துபாயில் மகன் வீட்டுக்கு மூன்று மாதம் போகிறேன். பிரிகாபலினை மொத்தமாக வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளலாமா?

அப்படியே எடுத்துப் போகாதீர்கள். போதைக்காகச் சிலர் தவறாகப் பயன்படுத்துவதால் பல நாடுகளில் இதற்குக் கெடுபிடி உண்டு. பிரிட்டன் 2019 ஏப்ரலில் இரண்டையும் கட்டுப்பாட்டு மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஐக்கிய அரபு அமீரகத்திலும் பிரிகாபலின் கட்டுப்பாட்டு மருந்துதான். அங்குள்ள சுகாதார அமைச்சகத்தின் இணையதளத்தில் சொந்த உபயோகத்துக்கான மருந்து என்று முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும். மருந்தின் வேதிப்பெயர், டோஸ், நோய் விவரம் எல்லாம் ஆங்கிலத்தில் எழுதிய மருத்துவர் கடிதமும் சீட்டும் கையில் இருக்கட்டும். மாத்திரை அதன் அட்டையிலேயே இருக்கட்டும், டப்பாவில் கொட்டி எடுத்துப் போக வேண்டாம். எவ்வளவு நாளுக்கான மருந்து அனுமதிக்கிறார்கள் என்பதை அந்த அனுமதியிலேயே பார்த்துக்கொண்டு, மிச்சத்தை அங்கே ஒரு மருத்துவரைப் பார்த்து வாங்க ஏற்பாடு செய்யுங்கள். டிக்கெட் போட்ட கையோடு இதைத் தொடங்கினால் கடைசி நேரத்தில் அலைய வேண்டியிருக்காது.