செடி வைத்த மீன் தொட்டிக்கு எந்த உரம் போடுவது? இலையில் ஓட்டை விழுகிறது, பாசியும் வருகிறது

கேட்டவர் தக்கலைக்காரர், 2 அடித் தொட்டி, கிணற்றுத் தண்ணீர் என்று எழுதியிருக்கிறார். கடையில் ஏற்கெனவே ஒரு புட்டி உரத்தைக் கையில் கொடுத்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். அதைத் திறக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். இந்தக் கேள்வியைக் கண்டால் என்னால் சும்மா கடந்து போக முடிவதில்லை.

முதலில் ஓட்டை எந்த இலையில் என்று பாருங்கள். அடியிலிருக்கும் பழைய இலையா, நுனியில் விரியும் புது இலையா? பாதி விடை அதில் இருக்கிறது. நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் குறைந்தால் செடி பழைய இலையிலிருந்து உருவிப் புது இலைக்குக் கொடுக்கும். அதனால் பழைய இலைதான் முதலில் கெடும். இரும்பை அப்படி எடுத்துக் கொடுக்க அதனால் முடியாது. இரும்பு குறைந்தால் புது இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும்.

எங்கள் வீட்டுத் தொட்டியும் 2 அடிதான். கல், மணல் எல்லாம் போக 50 லிட்டர் தண்ணீர் நிற்கும். மகள் ஆறாம் வகுப்பில் இருக்கும்போது ஆசைப்பட்டாள் என்று வைத்தோம். அதில் ஹைக்ரோபிலா நட்டிருந்தேன். நம்ம ஊர் வயல் ஓரத்து நீர்முள்ளியின் குடும்பம்தான், நன்றாக வரும் என்று நம்பினேன். இரண்டாவது மாதம் கண்ணாடியில் பாசி ஏறியது. மீன் வாங்கிய கடையில் கேட்டதற்கு, "பாசி வருதுன்னா உரத்தை அடியோட நிறுத்துங்க" என்றார்கள். நிறுத்தினேன். மூன்று வாரத்தில் அடி இலைகளில் ஊசியால் குத்தியதுபோலப் பொட்டுப் பொட்டாக ஓட்டை. ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் மஞ்சள் வளையம். பாசி குறையவே இல்லை. தளர்ந்த செடியில் முன்பைவிட அதிகமாகவே படர்ந்தது.

பிறகு செய்ததுதான் இன்றும் மனதை உறுத்துகிறது. மட்டி வாழைக்குத் தெளிக்க வாங்கிய 19:19:19 வீட்டில் இருந்தது. நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் மூன்றும் சமமாக இருக்கிறதே என்று ஒரு தேக்கரண்டி கரைத்து ஊற்றினேன். மறுநாள் நியான் டெட்ரா மீன்கள் எல்லாம் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடின. அதற்கடுத்த நாள் காலையில் மகள் டீ வடிகட்டியால் ஒவ்வொன்றாக எடுத்துத் தாளில் வைத்தாள், பதினான்கு. ஒன்றும் சொல்லவில்லை, அழவும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

காரணம் பிறகுதான் புரிந்தது. அந்த உரத்தில் நைட்ரஜனின் பெரும்பகுதி யூரியாவும் அம்மோனியமும். யூரியா தண்ணீரில் சிதைந்து அம்மோனியா ஆகும். பி.எச்., அதாவது தண்ணீரின் காரத்தன்மையைக் காட்டும் எண், ஏற ஏற அம்மோனியாவின் நச்சும் ஏறும். நான் இருப்பது ராஜாக்கமங்கலம் பக்கம், கடலோரக் கிணறு, பி.எச். எட்டை ஒட்டி நிற்கும். வாழைக்கு நல்லதுதான், மீன் இருக்கும் தண்ணீருக்கு ஆகாது.

எந்தச் சத்து குறைகிறதோ அதுதான் வளர்ச்சியைத் தீர்மானிக்கும், மற்றதை எவ்வளவு கொட்டினாலும் பயனில்லை என்பது 19ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மனியில் லீபிக் பரப்பிய விதி. மீன் இருக்கும் தொட்டியில் தீனியும் கழிவும் நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் கொடுத்துக்கொண்டே இருக்கும். பொட்டாசியம்தான் போதாமல் போகும். என் தொட்டியிலும் அதுதான் நடந்தது.

உரக்கடைக்குப் போய் 0:0:50 கேட்டேன், அதாவது பொட்டாசியம் சல்பேட். "எத்தனை மூடு வாழை தம்பி?" என்றார் கடை அண்ணன். மீன் தொட்டிக்கு என்றதும் பொட்டலத்தைக் கொடுக்கவே தயங்கினார். நகை நிறுக்கும் சின்னத் தராசில் 1 கிராம் நிறுத்து, ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து, வாரம் ஒருமுறை பாதித் தண்ணீர் மாற்றிய பிறகு ஊற்றினேன். 50 லிட்டருக்கு அது லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம் பொட்டாசியம். ஓட்டை விழுந்த இலை ஆறாது, அதை எதிர்பார்க்காதீர்கள். மூன்றாவது வாரம் வந்த இலைகள் முழுசாக வந்தன. கூடவே விளக்கைப் பத்து மணி நேரத்திலிருந்து ஏழாகக் குறைத்தேன், பாசி அதில்தான் அடங்கியது.

வயல் உரத்தைத் தொட்டியில் போடச் சொல்கிறானே என்று சிலர் வருவார்கள். தண்ணீரில் முழுசாகக் கரையும் ரகத்தை, நிறுத்து, யூரியா இல்லை என்று பார்த்துப் போடச் சொல்கிறேன். புட்டி உரம் கெட்டது என்றும் சொல்லவில்லை. இரும்பு போன்ற நுண்சத்துக்கு நானே புட்டிதான் வாங்குகிறேன். மீன் குறைவு, செடி அடர்த்தி என்றால் 13:0:45, அதாவது பொட்டாசியம் நைட்ரேட், தேவைப்படலாம். இரும்பையும் பாஸ்பேட்டையும் மட்டும் ஒரே புட்டியில் கரைத்து வைக்காதீர்கள், இரண்டும் சேர்ந்து அடியில் படிந்துவிடும், செடிக்குப் போகாது.

"தண்ணியில உரம் போட்டுக் கெடுக்கிறியே" என்று சொந்தக்காரர் ஒருவர் ஒருநாள் வீட்டில் வந்து சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. எங்கள் ஊர்க் குளத்தில் நான் ஆம்பல் பறித்திருக்கிறேன். இன்று கரையோர வீடுகளின் கழிவுக் குழாய் நேராக அதில்தான் விழுகிறது. இதே நைட்ரஜனும் பாஸ்பரஸும்தான், வாரக்கணக்காக, அளவே இல்லாமல். ஆகாயத்தாமரை மூடித் தண்ணீரே தெரியவில்லை. சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தபோது உண்மையாகவே மகிழ்ந்தேன். ஆனால் பட்டியலில் இல்லாத குளத்துக்கு யார் இருக்கிறார்கள்? குழாய் விட்டவரை ஒருவரும் கேட்பதில்லை, 1 கிராம் நிறுத்துப் போடுகிறவனைத்தான் கேட்கிறார்கள்.

சரி, உங்கள் தொட்டிக்கு வருகிறேன். உங்கள் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு பொங்கி நுரைக்கிறதா? அப்படியென்றால் மென்மையான தண்ணீர், கால்சியமும் மெக்னீசியமும்கூடக் குறைவாக இருக்கும், அதற்குத் தனியாகப் பார்க்க வேண்டும். எத்தனை மீன், விளக்கு எத்தனை மணி நேரம் என்று எழுதுங்கள். அடி இலை ஒன்றைப் பறித்து வெள்ளைத் தாளில் வைத்துப் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன். அதுவரை அந்தப் புட்டியைத் திறக்க வேண்டாம்.