‘சிறப்பு’ என்று போட்டாலே சம்பளம் குறைச்சலா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில் (படுகர் ஊர்) 19 வருடமாக அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறேன். ஊரில் எல்லாருக்கும் நான் டீச்சர். பிள்ளைகளுக்குப் பாட்டு, எடை பார்ப்பது, கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு, போனில் பதிவு, அது போதாதென்று வாக்காளர் பட்டியல் வேலையும். எங்கள் ஊர் கிராம உதவியாளர் என்னைவிட அதிகம் வாங்குகிறார். அவர் மேல் பொறாமை இல்லை சார். ஆனால் நான் அரசு ஊழியரா இல்லையா? எங்கள் பதவியை யாராவது மறுபடி எடுத்துப் பார்க்கமாட்டார்களா?
– பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகி

பதில்: டீச்சரம்மா, உங்கள் சம்பளப் பட்டியலில் ‘சிறப்பு காலமுறை ஊதியம்’ என்று இருக்கும், எடுத்துப் பாருங்கள். மாதம் ஒரே தொகையாகத் தருகிற தொகுப்பூதியத்துக்கு மேலே, அரசு ஊழியர் வாங்குகிற முறையான காலமுறை ஊதியத்துக்குக் கீழே, நடுவில் ஒரு திண்ணை போட்டு உட்காரவைத்திருக்கிறார்கள், அதற்குப் பெயர் சிறப்பு. கோயிலில் சிறப்பு தரிசனம் என்றால் காசு கூட. இங்கே குறைவு.

சட்டப்படி நீங்கள் அரசு ஊழியர் இல்லை. 2006-ல் கர்நாடக அரசுக்கும் அமீர்பி என்பவருக்கும் நடந்த வழக்கில், அங்கன்வாடிப் பணியாளர் வகிப்பது சிவில் பதவி அல்ல என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்றுவரை உங்கள் கோரிக்கை மனு எங்கே போனாலும் பெரும்பாலும் இந்தத் தீர்ப்பில்தான் முட்டிக்கொண்டு நிற்கும். ஆனால் அதே உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரல் 25 அன்று ஒரு குஜராத் வழக்கில், இவர்கள் வாங்குவது ஊதியம்தான், பார்ப்பது முழுநேர வேலைதான், 1972-ம் ஆண்டின் பணிக்கொடை (கிராஜுவிட்டி) சட்டம் இவர்களுக்கும் பொருந்தும் என்று தீர்ப்பு எழுதியது. 2013-ல் வந்த உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அங்கன்வாடி அரசின் கையாகவே ஆகிவிட்டது என்பது அதில் ஒரு காரணம். பணிக்கொடைக் கணக்கு எப்படி என்றால், கடைசிச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, அதைச் சர்வீஸ் வருடங்களால் பெருக்க வேண்டும். மாதம் 14,000 ரூபாய், 20 வருடம் என்று வையுங்கள், 1,61,538 ரூபாய் வருகிறது. ஓய்வு பெறும்போது உங்களுக்குத் தருகிற தொகையை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், குறைந்தால் எழுதிக் கேட்க இடம் இருக்கிறது.

இனி சம்பள விகிதம். 2017 ஊதியத் திருத்தத்தில் அங்கன்வாடிப் பணியாளருக்கு 7,700–24,200, குறு அங்கன்வாடிக்கு 5,700–18,000, உதவியாளருக்கு 4,100–12,500 என்று வைத்தார்கள். கிராம உதவியாளரும் சிறப்பு காலமுறை ஊதியக்காரர்தான், அவருக்கு 11,100–35,100. 2025 ஆள்சேர்ப்பில் உங்கள் பதவிக்குப் பன்னிரண்டாம் வகுப்பு கேட்டார்கள், முன்பு பத்தாம் வகுப்பு போதும். படிப்பை ஒரு படி ஏற்றியவர்கள் தொடக்கச் சம்பளத்தை அதே 7,700-லேயே விட்டுவிட்டார்கள். என்னைக் கேட்டால் உங்கள் பக்கம் இருக்கிற நல்ல வாதங்களில் ஒன்று இது, இதைச் சங்கத்துக்காரர்கள் மேடையில் பேசுவதோடு விட்டுவிடுகிறார்கள், மனுவில் முதல் பத்தியாக வைப்பதில்லை.

பதவியை மறுபடி எடுத்துப் பார்ப்பார்களா என்றால், பார்ப்பார்கள். ஊதியக்குழு வரும், அப்புறம் அதில் விட்ட ஓட்டைகளை அடைக்க ஒரு நபர் குழு வரும், 2018-ல் ஐ.ஏ.எஸ். அதிகாரி சித்திக் தலைமையில் வந்ததைப்போல. குழுவுக்கு உங்கள் கண்ணீர் தெரியாது, காகிதம்தான் தெரியும்: என்ன படிப்பு, எப்படி நியமனம், என்ன வேலை, யாரோடு ஒப்பீடு. நான் வேலை பார்த்த அலுவலகத்தில் ஒரு பிரிவு ஊழியர்கள் சம்பள உயர்வு கேட்டு மனு கொடுத்தபோது, ‘பணிகள்’ என்ற பக்கத்தைப் பக்கத்துப் பிரிவிலிருந்து அப்படியே காப்பி அடித்து வைத்துவிட்டார்கள், பதவிப் பெயரைக்கூட மாற்றவில்லை. மூன்றே நாளில் கோப்பு திரும்பி வந்தது. டைப் அடித்தவன் நான்தான், அந்தக் குற்ற உணர்ச்சி இன்னும் போகவில்லை.

அதனால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். ஒரு மாதம், தினமும், நிஜமாகப் பார்த்த வேலையை நேரத்தோடு எழுதுங்கள். கீழ்நாட்டில், அதாவது சமவெளியில், குழந்தையைத் தூக்கித் தராசில் உட்காரவைத்தால் எடை தெரிந்துவிடும். நம் ஊரில் டிசம்பர் காலை ஒன்பது மணிக்கு வருகிற குழந்தைக்குக் குல்லா, மப்ளர், இரண்டு ஸ்வெட்டர், சாக்ஸ். அத்தனையும் கழற்ற வேண்டும், கழற்றியதும் அது வீறிடும், எடை பார்த்து மறுபடி மாட்டுவதற்குள் கால் மணி நேரம். 15 பிள்ளைகளுக்குக் கணக்குப் போடுங்கள். அப்புறம் அந்த எடையைப் போஷன் டிராக்கரில் ஏற்ற, சிக்னல் கிடைக்கிற இடமாகத் தேடித் தேயிலைக் காட்டுக்கு மேலே வளைவு வரைக்கும் நடக்க வேண்டும். 2021-ல் அந்தச் செயலி வந்தபோது வேலைப் பட்டியலில் ‘பதிவேற்றம்’ என்று ஒரு வார்த்தை சேர்த்திருப்பார்கள், வளைவைச் சேர்த்திருக்கமாட்டார்கள். வாக்காளர் பட்டியல் பார்க்கிற வாக்குச்சாவடி நிலை அலுவலர் வேலையைத் தனிப் பக்கத்தில் எழுதுங்கள். அதற்கான ஆண்டுத் தொகையைத் தேர்தல் ஆணையம் 2025-ல் 6,000-லிருந்து 12,000 ஆக்கியது, ஆனால் அது அடிப்படைச் சம்பளத்தில் சேராது.

கூடவே, தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, உங்கள் பதவிக்கான பணிப் பட்டியலின் நகலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தப் பட்டியலையும் உங்கள் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மனு தானாக எழுதிக்கொள்ளும்.

கேள்வி: போன வாரம் ராத்திரி கரடி சமையலறைக் கதவை உடைத்து எண்ணெய் முழுவதையும் குடித்துவிட்டுப் போய்விட்டது. இருப்பில் குறைகிறது என்று என்னிடம் விளக்கம் கேட்கிறார்கள். கரடி குடித்தது என்று எழுதலாமா?
– சத்துணவு சமையலர், கீழ்கோத்தகிரி

பதில்: தாராளமாக எழுதுங்கள். உண்மையை எழுத எதற்குத் தயக்கம்? ஆனால் அன்றைக்கே எழுத வேண்டும், ஒரு வாரம் கழித்து எழுதினால் கரடியை யாரும் நம்பமாட்டார்கள். விடிந்ததும் உடைந்த கதவையும் காலி டின்னையும் போனில் படம் எடுத்துவிட்டு, தலைமை ஆசிரியர், கிராம நிர்வாக அலுவலர், வனத்துறை மூன்று பேருக்கும் ஒரே மனுவின் நகலைக் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள், இருப்புப் பதிவேட்டில் அந்தத் தேதிக்கு நேராக மனுவைக் குறித்துவையுங்கள். எண்ணெய், சர்க்கரை வாசனைக்குக் கரடி திரும்ப வரும், டின்னை ராத்திரி அங்கே விடாதீர்கள். 4,100 ரூபாயில் தொடங்குகிற விகிதத்தில் கரடிக்கும் சேர்த்து நீங்கள் ஜவாப்தாரி!

கேள்வி: தாலுகா ஆபீசில் முதியோர் உதவித்தொகை மனுக்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறேன். ஆறு வருடமாக ஏஜென்சி மூலம்தான் சம்பளம். பக்கத்து நாற்காலி இளநிலை உதவியாளர் செய்வதையேதான் நானும் செய்கிறேன்.
– குன்னூர் வாசகர்

பதில்: 2016-ல் ஜக்ஜித் சிங் வழக்கில், தற்காலிக ஊழியரும் அதே வேலையைச் செய்தால் அந்தப் பதவியின் குறைந்தபட்சச் சம்பளம் உண்டு என்றது உச்ச நீதிமன்றம். 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில், வருடக்கணக்காக நிரந்தர வேலை வாங்கிக்கொண்டு தற்காலிகம் என்று பெயர் வைப்பதையும் கண்டித்தது. ஏஜென்சி நடுவில் இருப்பதால் உங்களுக்கு வழி கொஞ்சம் நீளம். அதற்கு முன் பி.எஃப். கணக்கில் மாதாமாதம் பணம் விழுகிறதா என்று பாருங்கள் தம்பி, பலருக்கு ஓட்டை அங்கேதான்.

கேள்வி: எஸ்டேட் கிரீச்சில் (குழந்தைகள் காப்பகம்) ஆயா. அங்கன்வாடி உதவியாளர் சம்பளம் எனக்கும் வருமா?
– பந்தலூர்

பதில்: வராதும்மா. உங்கள் முதலாளி எஸ்டேட். ஐம்பது பெண் தொழிலாளர் இருந்தால் கிரீச் வைக்க வேண்டும் என்று 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னதால் வந்த வேலை உங்களுடையது. தினக்கூலியைக் கணக்குப் போட்டால் சில மாதம் அங்கன்வாடி உதவியாளரைவிட நீங்களே கூட வாங்கலாம். செக்ரோலில் (எஸ்டேட் சம்பளப் பதிவேடு) உங்கள் பெயருக்கு நேரே என்ன போட்டிருக்கிறது என்று மட்டும் பார்த்து எனக்கு எழுதுங்கள், மீதியை அடுத்த இதழில் சொல்கிறேன்.