மேசைச் சதுரங்கக் கணினி: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, கைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் செயலியே உலகச் சாம்பியனைத் தோற்கடிக்கும் காலத்தில், காசு கொடுத்துத் தனியாக ஒரு சதுரங்கக் கணினியை வாங்க வேண்டுமா?

பதில்: வலிமை மட்டுமே வேண்டுமென்றால் வாங்க வேண்டாம். உண்மையான பலகையில், உண்மையான காய்களைக் கையால் நகர்த்தி ஆட விரும்புவோருக்கான கருவி இது. போட்டிகளில் மேசையில் அமர்ந்து ஆடும் பிள்ளைகள் திரையில் மட்டுமே பயிற்சி எடுத்தால், பலகையின் மறுகோடியிலிருந்து குறுக்காக வரும் பிஷப்பின் தாக்குதலைக் கவனிக்கத் தவறுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். எனவே வாங்கும்போது இரண்டை மட்டும் கேளுங்கள். நம் நகர்வைப் பலகை எப்படி அறிகிறது? நம் தரத்துக்கு இறங்கி ஆடும்போது கருவி எப்படி ஆடுகிறது? உச்ச வலிமை அதற்கு அடுத்துத்தான்.

கேள்வி: அழுத்த வேண்டிய பலகை, தானே உணரும் பலகை என்று இருவகை சொல்கிறார்களே, என்ன வேறுபாடு?

பதில்: முதலில் பலகைக்கு எந்த உணர்வும் இருக்கவில்லை. 1977இல் அமெரிக்காவின் ஃபிடெலிட்டி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த செஸ் சேலஞ்சர் கருவியில், எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டத்துக்கு என்று பொத்தான்களைத் தட்டிச் சொல்ல வேண்டும். கருவி தன் பதிலை நான்கு எழுத்துகள் கொண்ட சிறிய திரையில் காட்டும். இருவரின் காய்களையும் நாமே நகர்த்த வேண்டும்.

அடுத்து வந்தது அழுத்தும் பலகை. ஒவ்வொரு கட்டத்தின் அடியிலும் மெல்லிய தொடுபடலம் இருக்கும். இ2 என்ற கட்டத்தில் உள்ள சிப்பாயை நகர்த்த வேண்டுமானால், அதன் அடி விளிம்பால் அந்தக் கட்டத்தை மெல்ல அழுத்தி, காயை எடுத்து, இ4இல் மீண்டும் அழுத்தி வைக்க வேண்டும். கருவியின் பதிலை ஓரத்து விளக்குகள் காட்டும். கிடைவரிசைக்கு ஒன்றும் நெடுவரிசைக்கு ஒன்றுமாக எரியும் இரண்டும் சந்திக்கும் கட்டமே அது. விலை குறைவு, பழுதும் குறைவு. ஆனால் வேகமாக ஆடும்போது அழுத்த மறந்துவிட்டு, கருவி ஏன் பேசாமல் இருக்கிறது என்று காத்திருக்கும் தொல்லை உண்டு.

தானே உணரும் பலகையில் காயின் அடியில் காந்தமும், கட்டத்தின் கீழ் அந்தக் காந்தத்தால் இயங்கும் சிறு ஸ்விட்சும் இருக்கும். காயை எடுத்து வைத்தாலே போதும். இதில் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: சாதாரணக் காந்தப் பலகைக்குக் கட்டத்தில் காய் இருக்கிறதா இல்லையா என்பது மட்டுமே தெரியும்; அது யானையா குதிரையா என்பது தெரியாது. தொடக்க நிலையிலிருந்து எல்லா நகர்வுகளையும் எண்ணிக்கொண்டு வருவதால்தான் அது எந்தக் காய் எங்கே என்று அறிகிறது. நடுவில் இரண்டு காய்கள் தட்டிவிடப்பட்டு இடம் மாறி நின்றால் கருவி கண்டுகொள்ளாது. ஜெர்மனியின் மில்லேனியம் நிறுவனத்து எக்ஸ்க்ளூசிவ் போன்ற விலை உயர்ந்த பலகைகளோ ஒவ்வொரு காயையும் இனம் காண்கின்றன. கட்ட மூலைகளில் 81 விளக்குகளும் உண்டு. கையில் பணமிருந்தால் இதற்குச் செலவிடுங்கள் என்பேன்.

கேள்வி: என் மகள் தொடக்கநிலை ஆட்டக்காரி. கருவியின் முதல் நிலையில்கூடச் சில நேரம் அபாரமாக ஆடுகிறது, சில நேரம் ராணியையே தாரை வார்க்கிறது. பழுதா?

பதில்: பழுதில்லை. வலிமையைக் குறைக்கக் கருவிக்கு மூன்று வழிகள் உண்டு: யோசிக்கும் நேரத்தைக் குறைப்பது, எத்தனை நகர்வுகள் முன்னோக்கிப் பார்க்கலாம் என்று வரம்பு கட்டுவது, வேண்டுமென்றே இடையிடையே தவறான நகர்வைத் தேர்ந்தெடுப்பது. உங்கள் கருவி மூன்றாவது வழியில் செல்கிறது. மனிதர் செய்யும் தவறு அப்படி இருக்காது என்பதால் குழந்தைக்குக் குழப்பமே மிஞ்சும். முன்னோக்கிப் பார்க்கும் ஆழத்துக்கு வரம்பு கட்டும் நிலை இருந்தால் அதையே வையுங்கள். அதில் கருவி இரண்டு மூன்று நகர்வுக்குள் உள்ளதைத் தவறவிடாது. அதற்கு அப்பாலுள்ள திட்டத்தைக் காணாது. உங்கள் மகள் திட்டமிடக் கற்க இதுவே நல்ல எதிராளி.

இந்த வரம்பால் வரும் ஒரு விசித்திரத்தையும் அவளுக்குக் காட்டுங்கள். கருவியின் பிஷப் பேராசைப்பட்டு ஏ7இலுள்ள சிப்பாயை வெட்டிவிட்டு, பி6க்கு வந்த சிப்பாயால் அடைபட்டுக் கிடக்கும். அதை இழப்பது உறுதி என்று நமக்குத் தெரியும். கருவியோ வேறு பக்கத்தில் ஒரு சிப்பாயைப் பலி கொடுத்து நம்மைப் பதில் சொல்ல வைக்கும். பிஷப் போவது ஒரு நகர்வு தள்ளிப்போய் அதன் பார்வை எல்லைக்கு வெளியே சென்றுவிடுவதால், ஆபத்து நீங்கியதாகவே எண்ணிக்கொள்ளும். கடைசியில் சிப்பாயும் போகும், பிஷப்பும் போகும்.

கேள்வி: பழைய கருவிகள் உண்மையில் எவ்வளவு வலிமையானவை?

பதில்: நினைப்பதைவிட வலிமையானவை. 1990களின் தொடக்கத்தில் வந்த சைடெக் நிறுவனத்தின் ஜி.கே. 2000 கருவியின் ஆட்ட நிரல் முழுவதும் 32 கிலோபைட்டுக்குள் அடங்கியது. வேலை செய்ய அதற்கு இருந்த நினைவகம் 1 கிலோபைட் மட்டுமே. அதை எழுதிய ஃபிரான்ஸ் மோர்ஷ்தான் கணினியில் புகழ்பெற்ற ஃபிரிட்ஸ் என்ற சதுரங்க நிரலையும் எழுதினார். இவ்வளவு சிறிய இடத்தில் ஒரு நல்ல கிளப் ஆட்டக்காரரைத் திணறடிக்கும் ஆட்டத்தை அடக்கியதை நான் பெரிய கலையாகவே மதிக்கிறேன்.

கேள்வி: என் முறை வரும்போதும் விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கிறது. ஏன்?

பதில்: நீங்கள் ஆடக்கூடிய நகர்வை ஊகித்து, அதற்கான பதிலைத் தேடிக்கொண்டிருக்கலாம். ஊகம் பலித்தால் உடனே பதில் வரும். பேட்டரியில் ஆடும்போது, கையேட்டைப் பார்த்து இதை அணைத்துவிடுங்கள்.

கேள்வி: காய்கள் தாமாகவே நகரும் பலகைகளில் குதிரை மற்ற காய்களை இடிக்காமல் எப்படித் தாண்டுகிறது?

பதில்: தாண்டுவதில்லை, சந்து வழியாகப் போகிறது. பலகைக்கு அடியில் மோட்டாரால் ஓடும் காந்தம் காயைப் பற்றி, கட்டங்களுக்கு இடைப்பட்ட கோட்டின் மேல் இழுத்துச் செல்கிறது. 1983இல் அமெரிக்காவின் மில்டன் பிராட்லி நிறுவனம் வெளியிட்ட கருவியும், நம் காலத்தில் மும்பையிலிருந்து வந்த ஸ்கொயர் ஆஃப் பலகையும் இந்த முறையில் இயங்குபவை. இதனால்தான் இவற்றில் காய்கள் கட்டத்தைவிட நன்றாகச் சிறியவையாக இருக்கும். பார்க்க மிக அழகு. ஆனால் மோட்டார் ஓசையும் தாமதமும் உண்டு. விரைவு ஆட்டத்துக்கு வாங்காதீர்கள்.

கேள்வி: சிப்பாய் கடைசி வரிசையை அடையும்போது எனக்குக் குதிரை வேண்டும். கருவி ராணியாகவே எடுத்துக்கொள்கிறது.

பதில்: பெரும்பாலான கருவிகளின் வழக்கம் அதுதான். குதிரைப் படமுள்ள பொத்தானை எப்போது அழுத்த வேண்டும் என்பது கருவிக்குக் கருவி மாறும், கையேட்டில் இருக்கும்.

கேள்வி: ஒருவர் பயன்படுத்திய பழைய கருவி ஒன்று விலைக்குக் கிடைக்கிறது. எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: முதலில் பேட்டரி அறையைத் திறந்து பாருங்கள். கசிந்த பேட்டரியின் வெள்ளை அல்லது பச்சைப் படிவு முனைகளில் மட்டும் இருந்தால், வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்துக் காயவைத்துச் சரிசெய்யலாம். உள்ளே சர்க்யூட் பலகைவரை பரவியிருந்தால் விட்டுவிடுங்கள். பிறகு அறுபத்து நான்கு கட்டங்களையும் ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். ஒரே வரிசை முழுவதும் வேலை செய்யவில்லையெனில் இணைப்பு நாடா தளர்ந்திருக்கலாம், அதைச் சீராக்க வாய்ப்புண்டு. அடாப்டர் தனியாக வாங்குவதானால், வோல்டேஜ் மட்டும் பொருந்தினால் போதாது. நடு முனை நேர்மின்னா எதிர்மின்னா என்பதைக் கருவியின் அடியிலுள்ள குறியோடு ஒப்பிட்ட பின்பே செருகுங்கள். அடாப்டரில் ஆடினாலும் பேட்டரி உள்ளே இருந்தால்தான், மின்சாரம் நின்றாலும் பாதி ஆட்டம் நினைவில் நிற்கும் கருவிகள் உண்டு. வாரக்கணக்கில் ஆடாமல் வைப்பதானால் அந்தப் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.