பார் வைத்த வண்டி

அன்புள்ள ஐயா,

எனக்கு 67 வயது. ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆகிறது. ஸ்ரீரங்கத்தில் இருக்கிறேன். நாற்பது வயதுவரை சைக்கிள்தான். பிறகு டிவிஎஸ் 50, அதற்கப்புறம் ஸ்கூட்டர். போன மாதம் சர்க்கரைக்குப் பார்க்கும் டாக்டர், "நடங்க, இல்லாட்டி சைக்கிள் ஓட்டுங்க" என்றார். நடந்தால் முழங்கால் வலிக்கிறது. சரி, சைக்கிளே வாங்கிவிடலாம் என்று இருக்கிறேன்.

மகன் பெங்களூரிலிருந்து கியர் சைக்கிள் அனுப்புகிறேன் என்கிறான். மனைவி, "விழுந்தா யார் பாக்கறது?" என்கிறாள். எனக்கோ அப்பா வைத்திருந்தது போலக் கறுப்பில், கம்பி பிரேக் போட்ட 24 இஞ்ச் வண்டிமேல்தான் ஆசை. பக்கத்துத் தெரு சைக்கிள் கடையில் அப்படி ஒன்று 2,800 ரூபாய்க்கு இருக்கிறது. புதுப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று நிற்கிறது. வாங்கலாமா? பழைய வண்டியில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்? 27 வருடம் கழித்து ஓட்ட வருமா?

ஆர்., ஸ்ரீரங்கம்

*

அன்புள்ள ஆர்.,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். ஓட்ட வரும். முதல் பத்தடி ஹாண்டில்பார் ஆடும், பிறகு உடம்பு தானாக நினைவுபடுத்திக்கொள்ளும். இறங்கத்தான் வராது.

எனக்கு அப்படித்தான் ஆனது. 63 வயதில் மறுபடி சைக்கிள் வாங்கினேன். உங்களுடையதைப் போலவே கறுப்பு, 24 இஞ்ச், பழையது. மூன்று நாள் ராஜா மாதிரி போனேன். நான்காம் நாள் டீக்கடை முன்னால் நம் காலத்து முறைப்படி இறங்கப் பார்த்தேன். உங்களுக்கும் அது பழக்கம்தானே? வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே வலக்காலைப் பின்பக்கமாக வீசி எடுத்து, இடது பெடல்மேல் நின்றபடி நாலடி வந்து, குதித்து இறங்கி, அதே வேகத்தில் ஸ்டாண்டு போடுவது. கல்லூரிப் பையனாக இருந்தபோது கண்ணாடி முன் நின்று தலைவாருவதைவிட இதற்குத்தான் அதிகம் பழகியிருக்கிறேன். அன்று கால் கேரியர் உயரத்துக்கு எழும்பவில்லை. செருப்பு நுனி தட்டியது, வண்டியும் நானும் ஒரே பக்கமாகச் சாய்ந்தோம். இடது மணிக்கட்டு. ஆறு வாரம் கட்டு. டீ மாஸ்டர் தண்ணீர் கொடுத்துவிட்டு, "ஐயாவுக்கு இது தேவையா?" என்றார். அவர் கேட்டது பொதுவான கேள்வி. எனக்கு மட்டும் அது சீட்டிலிருந்து ஹாண்டில்பார்வரை போகும் அந்தக் குறுக்குக் கம்பியை, அதாவது பாரைப் பற்றிய கேள்வியாகக் கேட்டது.

ஆகவே என் யோசனை இதுதான். அந்த 24 இஞ்ச் வண்டி வேண்டாம். பார் இல்லாத வண்டி வாங்குங்கள். கடையில் அதை லேடீஸ் சைக்கிள் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

24 இஞ்ச் என்பது சக்கரத்தின் அளவல்ல. சீட்டுக்கு நேர் கீழே இறங்கும் குழாயின் நீளம். இந்தக் கறுப்பு வண்டிகளில் சக்கரம் 28 இஞ்ச்தான், பிரேம்தான் 22, 24 என்று மாறும். 24 என்றால், நம்மைப் போன்ற நடுத்தர உயரக்காரர்கள் காலை ஊன்றி நிற்கும்போது பார் கவட்டையில் இடிக்கும். அவசரத்துக்கு நிறுத்த முடியாது, ஒரு பக்கம் சாய்த்துத்தான் நிற்க வேண்டும். வண்டியோ 20 கிலோ. சாய ஆரம்பித்தால் நம் கை தாங்காது.

உங்கள் முழங்காலுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது. சைக்கிளில் உடம்பின் பாரத்தை சீட் வாங்கிக்கொள்கிறது, அதனால்தான் நடக்கும்போது வருகிற வலி அங்கே குறைகிறது. ஆனால் சீட்டைத் தாழ்த்தி வைத்தால் முழங்கால் அளவுக்கு மீறி மடங்கி வலி கூடிவிடும். வயதானவர்கள் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறோம், கால் தரையில் பட வேண்டுமே என்று. சரியான உயரத்தைப் பார்க்க எளிய வழி: சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வையுங்கள். முழங்கால் நேராக நிற்க வேண்டும். பிறகு ஓட்டும்போது முன்பாதத்தால் மிதித்தால் முழங்கால் கொஞ்சமாக மடங்கும், அதுதான் அளவு. அந்த உயரத்தில் உட்கார்ந்தபடி தரையைத் தொட்டால் கால் விரல்தான் படும். பார் வைத்த வண்டியில் இது பயம். பார் இல்லாத வண்டியில், பிரேக் பிடித்து, சீட்டிலிருந்து முன்பக்கம் வழுக்கி இறங்கி, இரண்டு காலையும் ஊன்றி நின்றுவிடலாம். முழங்காலும் பிழைக்கும், இடுப்பும் பிழைக்கும்.

"லேடீஸ் வண்டியா" என்று உங்கள் மனம் சுருங்கும், தெரியும். எனக்கும் ஒரு வாரம் சுருங்கியது. 1990களின் தொடக்கத்தில் உங்கள் பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகினார்கள், நினைவிருக்கும். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தது. புடவை கட்டிய பெண்கள் ஆண்கள் வண்டியையே எடுத்து ஓட்டினார்கள். சிலருக்கு அதுவே பிடித்தும் போனது, பார்மேல் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று. நாம் வேட்டியோ பேன்ட்டோ கட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வருவதற்கு என்ன?

பழைய வண்டி வேண்டும் என்ற உங்கள் ஆசையில் மட்டும் நான் கை வைக்க மாட்டேன். மகன் சொல்லும் கியர் வண்டி கெட்ட வண்டியல்ல. ஆனால் அதன் கியர் மாற்றும் கருவி கோணிக்கொண்டால் உங்கள் தெருக் கடையில் உட்கார்ந்து சரிசெய்ய ஆள் கிடைப்பாரா என்று பாருங்கள். 1949இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கி ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பிஎஸ்ஏ என்று செய்த வண்டிகளும், லூதியானாவிலிருந்து வந்த ஹீரோ, ஏவன் வண்டிகளும் பெரும்பாலும் ஒரே இங்கிலீஷ்காரன் அளவில் செய்தவை. ஒன்றின் கோன், காட்டர் பின், செயின் மாதிரியான உதிரிப் பாகங்கள் இன்னொன்றுக்குப் பொருந்தும். கம்பெனியே போனாலும் வண்டி சாகாது. அட்லஸ் தன் கடைசித் தொழிற்சாலையை 2020இல் மூடியது, அதுவும் ஜூன் 3ஆம் தேதி, உலக சைக்கிள் தினத்தன்று. எங்கள் தெருவில் பால் ஊற்றுபவரின் அட்லஸ் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இனி எதைப் பார்ப்பது. முதலில் அந்தப் பளபளப்பைச் சந்தேகப்படுங்கள். பழைய வண்டிக்குப் புதுப் பெயின்ட் அடிப்பவர்களில் பாதிப் பேர் துருவை மறைக்கிறார்கள், மீதிப் பேர் வெல்டிங்கை. எனக்கு விற்றவர் இரண்டாம் வகை. ஹாண்டில்பாருக்குக் கீழே, இரண்டு குழாயும் வந்து சேரும் இடத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். ஒழுங்கில்லாத மேடு தட்டினால் அங்கே ஒட்டுப் போட்டிருக்கிறது, திரும்பி வந்துவிடுங்கள். பிறகு வண்டியைப் பக்கவாட்டில் நிறுத்தி, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் போர்க்கைப் பாருங்கள். நேராக இறங்கி, நுனியில் முன்பக்கம் வளைய வேண்டும். பின்பக்கம் தள்ளியிருந்தால் எங்கோ முட்டிய வண்டி.

சக்கரத்தைத் தூக்கிச் சுற்றுங்கள். கோட்டம் இருந்தால் பரவாயில்லை, போக்ஸ் கம்பியை முறுக்கி எடுத்துவிடலாம். கரகரவென்று சத்தம் வந்தால் உள்ளே பால்ரஸ் என்கிற இரும்புக் குண்டுகள் போயிருக்கின்றன, அதுவும் சின்னச் செலவுதான். பெடல் தண்டைப் பிடித்து இடம் வலமாக ஆட்டிப் பாருங்கள். செயினை, பெடலோடு சேர்ந்த பல்சக்கரத்தின் முன்நுனியில் பிடித்து இழுங்கள். பல் முழுக்கத் தெரியும் அளவுக்குத் தூக்கிக்கொண்டால் செயின் நீண்டுவிட்டது. டயரின் பக்கச் சுவரில் வெடிப்பு இருந்தால், கடைக்காரர் என்ன சொன்னாலும், மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். டயர், டியூப், செயின், பிரீவீல் என்கிற பின்பக்கப் பல்சக்கரம் எல்லாம் மாற்றினால் வண்டி விலையில் பாதிக்கு மேல் போய்விடும்.

பிரேமில் அடித்திருக்கும் நம்பரைக் குறித்துக்கொண்டு, விற்பவரிடம் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். திருட்டு வண்டி என்று தெரிந்து வாங்கினால் குற்றம்: பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 411, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 317ஆம் பிரிவு. நீங்கள் அப்படிச் செய்ய மாட்டீர்கள், ஆனால் தெரியாமல் வாங்கினேன் என்று சொல்வதற்கும் ஒரு தாள் வேண்டும்.

வாங்கியதும் ஒரு காரியம் கட்டாயம் செய்யுங்கள். பின்சக்கரப் பிரீவீலில் பொதுவாக 18 பல் இருக்கும். அதைக் கழற்றி 22 பல் போடச் சொல்லுங்கள். முன்னால் 44 பல் என்று வைத்துக்கொண்டால், 18க்கு ஒரு மிதிக்குச் சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்று சுற்றுகிறது, 22க்கு சரியாக இரண்டு. மிதி லேசாகும், வேகம் குறையும். வேகம் நமக்கு எதற்கு? செயினில் ஒரு கண்ணி கூடுதலாகத் தேவைப்படலாம். இதைவிடக் குறைந்த செலவில் முழங்காலுக்கு வைத்தியம் கிடையாது. மகனிடம் "கியர் போட்டுவிட்டேன்" என்றும் சொல்லிக்கொள்ளலாம்.

பராமரிப்பு பெரிய வித்தை இல்லை. வாரம் ஒருமுறை காற்று, மாதம் ஒருமுறை செயினுக்கு எண்ணெய், எண்ணெய் ரிம்மில் படாமல். காற்றில்லாமல் நிறுத்திவைத்த டயர்தான் சீக்கிரம் வெடிக்கிறது. டியூபின் வால்வுக்குப் போடும் சின்ன ரப்பர் குழாயான வால்டியூப் இரண்டு துண்டு சீட்டு அடியில் சுற்றி வையுங்கள். கம்பி பிரேக்கைப் பற்றி ஒன்று: இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் கட்டை பிடிக்காது, வழுக்கும். மழை என்றால் தள்ளிக்கொண்டு வாருங்கள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவதும் சைக்கிள் வைத்திருப்பதில் சேர்த்திதான், காய்கறிப் பையை யாரும் தூக்க வேண்டியதில்லை.

ஸ்ரீரங்கம் உங்கள் அதிர்ஷ்டம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தட்டையான தீவு. விடிந்ததும் சித்திரை வீதியைச் சுற்றுங்கள், உத்திர வீதியைச் சுற்றுங்கள், பூக்காரர்களும் மாடுகளும்தான் குறுக்கே. காவிரிப் பாலத்துக்கு மட்டும் போகாதீர்கள், அங்கே பஸ் ஓரங்கட்டும். வலப்பக்கம் ஒரு கண்ணாடி மாட்டிக்கொள்ளுங்கள், நம் கழுத்து திரும்பினால் வண்டியும் சேர்ந்து திரும்புகிறது. நாய் துரத்தினால் மிதிக்காதீர்கள். நின்று, இறங்கி, வண்டியை நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர் நீங்கள், வெறும் வயிற்றில் கிளம்பாதீர்கள், பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். ரத்தத்தை மெலிதாக்கும் மாத்திரையும் உண்டென்றால் டாக்டரிடம் தனியாகக் கேட்டுவிடுங்கள். முதல் வாரம் ஓட்டவே வேண்டாம், காலி இடத்தில் ஏறி, பத்தடி போய், நின்று இறங்குவதை மட்டும் பழகுங்கள். அதை மனைவி ஒருமுறை பார்க்கட்டும். அவர் கேட்ட கேள்விக்கு வேறு எந்தப் பதிலும் செல்லாது.

கடைக்காரரிடம் பார் இல்லாத வண்டி ஒன்று பின்னால் தூசியோடு கிடக்கும், கேளுங்கள். விலை பேசும் முன் சீட்டு நட்டைத் தளர்த்தி, சீட்டுக் கம்பியை மேலும் கீழும் அசைக்கச் சொல்லுங்கள். பழைய வண்டிகளில் அது துருப்பிடித்துக் குழாயோடு ஒட்டிக்கொண்டிருக்கும், சுத்தியலால் தட்டினாலும் வராது. அசையாவிட்டால் அடுத்த கடையைப் பாருங்கள். அசைந்தால் எனக்கு எழுதுங்கள்.