ரங்கநாதன் தெரு இரவுப் படங்களில் கறுப்புப் பட்டை

தம்பி, இரவுப் படங்களில் கறுப்புப் பட்டை விழுகிறதே, கேமரா பழுதா என்று கேட்டீர்கள். கடை வெளிச்சத்தில் சைலன்ட் ஷட்டர், அதாவது சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் போட்டு 1/500 நொடியில் எடுத்ததாகச் சொல்கிறீர்கள். பட்டைக்குக் காரணம் அதுதான், கேமரா பழுதில்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். எலக்ட்ரானிக் ஷட்டர் சென்சாரை வரிவரியாகப் படிப்பதால் ஒவ்வொரு வரிக்கும் வேறு வெளிச்சம் விழுகிறது.

மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி 1/100 நொடி வையுங்கள், ஒரு முழுத் துடிப்பும் அதற்குள் அடங்கிவிடும். லென்ஸ் திறப்பு எஃப்/2.8, ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 1600-இல் தொடங்கிப் பாருங்கள். நடக்கிறவர்கள் கொஞ்சம் கலங்குவார்கள். அந்த நெரிசலுக்கு அது அழகுதான் என்பேன். ஆட்களை உறைய வைத்தே ஆக வேண்டுமா? விளக்கு பிரகாசிக்கும் நேரம் பார்த்துப் படமெடுக்கும் ஆன்டி-ஃப்ளிக்கர் வசதியை ஆன் செய்துவிட்டு 1/250 போடுங்கள், தொடர்ச்சியாக எடுக்கும் வேகம் மட்டும் குறையலாம். எழுத்து ஓடும் எல்இடி பலகைகள் வேறு வேகத்தில் துடிப்பவை. அங்கே ஆன்டி-ஃப்ளிக்கர் பெரும்பாலும் பலிக்காது, அந்தப் பலகைகளை ஃபிரேமுக்கு வெளியே தள்ளிவிடுங்கள்.