மணிக்கட்டில் சின்ன முறிவு: மாவுக்கட்டு போட்டே ஆக வேண்டுமா?

கேள்வி: எட்டு வயது மகன் சைக்கிளில் இருந்து கையை ஊன்றி விழுந்துவிட்டான். எக்ஸ்ரே பார்த்த டாக்டர் 'பக்கிள் ஃபிராக்சர்' என்று சொல்லி, கிரேப் பேண்டேஜ் மட்டும் சுற்றி, திரும்ப வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். மாவுக்கட்டோ புத்தூர் கட்டோ போட்டே ஆக வேண்டும் என்கிறார் மாமியார். செலவைப் பற்றிக் கவலையில்லை டாக்டர், என்ன செய்யட்டும்? (ஒரு தாய், பாலக்கோடு)

பதில்: அம்மா, அந்த டாக்டர் செய்தது சரி. பிள்ளைகளின் எலும்பு இளசு என்பதால் இந்த வகையில் அது இரண்டாக உடைவதில்லை, ஒரு பக்கம் லேசாக நசுங்கிப் புடைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். விலகாது, மூன்று வாரத்தில் தானாகவே கூடிவிடும்.

பிரிட்டனில் 23 மருத்துவமனைகளில் 4 முதல் 15 வயது வரையுள்ள 965 பிள்ளைகளை வைத்து இதைச் சோதித்து, 2022-இல் முடிவை வெளியிட்டார்கள். பேண்டேஜ் மட்டும் கொடுத்தவர்களுக்கும் கெட்டியான கட்டு போட்டவர்களுக்கும் மூன்றாம் நாள் வலியில் வித்தியாசம் இல்லை, ஆறு வாரம் கழித்துக் கையின் இயக்கத்திலும் இல்லை. அப்புறம் எதற்குக் கூடுதல் செலவு? மாவுக்கட்டு என்றால் கட்டுக்கு மட்டுமா பணம், அதைப் பிரிக்க ஒரு முறை, இன்னொரு எக்ஸ்ரே, தர்மபுரிக்கு பஸ், கூட வருகிறவருக்கு ஒரு நாள் கூலி போச்சு, பையனுக்குப் பள்ளிக்கூடமும் போச்சு. இத்தனைக்கும் எலும்பு ஒரு நாள்கூட முன்னதாகக் கூடப்போவதில்லை.

நாட்டுக் கட்டு மட்டும் வேண்டவே வேண்டாம். மூங்கில் பத்தை வைத்து இறுக்கினால் ரத்த ஓட்டம் நின்று கை அழுகிப்போன பிள்ளைகள் உண்டு, மாமியாரிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள்.

ஒன்று கவனம்: நான் சொல்வதெல்லாம் பக்கிள் முறிவுக்கு மட்டும். எலும்பு முழுசாக உடைந்திருந்தாலோ, விலகியிருந்தாலோ, வளர்ச்சித் தட்டில் (எலும்பு நீளமாக வளர்கிற நுனிப் பகுதியில்) அடிபட்டிருந்தாலோ கட்டு கட்டாயம் தேவை, சிலருக்கு மயக்க மருந்து கொடுத்து நேராக்க வேண்டியும் வரும். சந்தேகமாக இருந்தால் எக்ஸ்ரேயை எடுத்துக்கொண்டு தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

வலித்தால் எடைக்கேற்ற அளவு பாராசிட்டமால் சிரப் போதும். பேண்டேஜைக் குளிக்கும்போது கழற்றலாம், வலி குறைந்ததும் எடுத்துவிடலாம். விரல் நீலமானாலோ, மரத்துப்போனாலோ, வலி குறையாமல் ஏறினாலோ உடனே பேண்டேஜை அவிழ்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எழுதுவது, சாப்பிடுவதெல்லாம் அந்தக் கையாலேயே செய்யட்டும். கபடி, சைக்கிள், மரம் ஏறுவது மட்டும் மூன்று வாரத்துக்கு வேண்டாம், அதற்குப் பிறகும் வலித்தால் மறுபடி காட்டுங்கள்.