முகத்தில் குறையில்லை, நிற்கும் தூரத்தில்தான் குறை

கேள்வி: என் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். வயது 27. எப்போதும் கண்ணாடி அணிபவள். செல்போனில் எடுக்கும் படங்களில் மூக்கு பெரிதாகவும் முகம் ஒடுங்கியும் தெரிகிறது. 'முகவெட்டுக்கு ஏற்ற ஆங்கிள் தெரிந்தவர்கள்தான் எடுக்க வேண்டும்' என்று சொல்லி, தரகர் தமக்குத் தெரிந்த ஸ்டுடியோவில் 18,000 ரூபாய்க்குப் பேசியிருக்கிறார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு வரவும் சொல்கிறார்கள். வீட்டிலேயே நாங்கள் எடுக்க முடியாதா? (ஒரு தாய், மன்னார்குடி)

பதில்: முடியும், அம்மா. உங்கள் வீட்டில் இருக்கும் செல்போனே போதும். அந்தப் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.

முதலில் மூக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் மிக அருகில் நின்று எடுக்கிறீர்கள். ஒரு முழத்துக்கும் குறைவான தூரத்தில் போனைப் பிடித்தால், லென்ஸுக்கு மூக்கின் நுனி கிட்டே இருக்கிறது, காது எட்டப் போய்விடுகிறது. கிட்டே இருப்பது பெரிதாகவும் எட்ட இருப்பது சிறிதாகவும் பதிகிறது. 30 செ.மீ. தூரத்தில் எடுத்த படத்தில், 1.5 மீட்டர் தூரத்தில் எடுத்ததைவிட மூக்கின் அகலம் ஏறத்தாழ 30 சதவீதம் கூடுதலாகத் தெரியும் என்று 2018இல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்கிட்டு வெளியிட்டார்கள். செல்ஃபியைப் பார்த்துவிட்டு மூக்கை அறுவை செய்துகொள்ள வந்தவர்களுக்காகச் செய்த கணக்கு அது. உங்கள் மகளின் மூக்கில் எந்தக் குறையும் இல்லை.

ஆகவே நாலு எட்டு பின்னால் போய் நில்லுங்கள். இரண்டு மீட்டர் இருக்கட்டும். திரையில் 2 என்று இருக்கும் எண்ணைத் தொட்டால் முகம் வேண்டிய அளவுக்கு வந்துவிடும். 0.5 என்பதைத் தொடவே வேண்டாம். அது முகத்தை இழுத்துவிடும், ஓரத்தில் நிற்பவரை இன்னும் மோசமாக இழுக்கும்.

அடுத்தது உயரம். லென்ஸ் அவளுடைய கண் மட்டத்தில் இருக்க வேண்டும். போனின் நடுப்பகுதியைக் கண்ணுக்கு நேரே பிடிப்பது போதாது, லென்ஸ் இருக்கும் மேல்முனைதான் நேரே வர வேண்டும். உயரமான அப்பா நின்றபடி எடுத்தால் நெற்றி பெருத்து மோவாய் சிறுத்துப்போகும். அவர் முழங்காலை மடக்கட்டும், அல்லது ஸ்டூலில் உட்காரட்டும். போனைச் சாய்க்காமல் சுவரைப் போலச் செங்குத்தாகப் பிடிக்கச் சொல்லுங்கள்.

புடவையில் முழு உருவம் எடுக்கும்போது லென்ஸ் இடுப்பு உயரத்துக்கு இறங்க வேண்டும், தூரம் மூன்று நான்கு மீட்டராக வேண்டும். நின்றபடி கண் உயரத்தில் எடுத்தால் கால் குட்டையாகிவிடும். அந்தக் காலத்து ஸ்டுடியோ படங்களில் நம் பாட்டிகள் அத்தனை கம்பீரமாக நிற்கிறார்கள் அல்லவா? யாஷிகா போன்ற இரட்டை லென்ஸ் கேமராவில் மேலிருந்து குனிந்து பார்த்துத்தான் எடுக்க வேண்டும். அதனால் கேமரா வயிற்றுக்கும் மார்புக்கும் இடையில்தான் இருக்கும். அந்த உயரம்தான் அந்தக் கம்பீரத்தைக் கொடுத்தது.

இப்போது கண்ணாடி. எந்த முகத்துக்கும் நான் சொன்ன விதி பொருந்தும், கண்ணாடி போட்ட முகத்துக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது. கழற்றச் சொல்வது எடுப்பவரின் சோம்பல். நாள் முழுவதும் கண்ணாடி அணிபவர் அதைக் கழற்றினால் பார்வை நிலைகொள்ளாது, மூக்கின் இரு பக்கமும் தழும்பு தெரியும். பெண் பார்க்க வருபவர்கள் கண்ணாடியோடுதானே அவளைப் பார்க்கப் போகிறார்கள்? சுவரில் எறிந்த பந்து போல, வெளிச்சம் கண்ணாடியில் பட்டு எந்தச் சாய்வில் வந்ததோ அதே சாய்வில் மறுபக்கம் திரும்பும். அது போகும் வழியில் கேமரா இல்லாவிட்டால் போதும். ஆகவே ஜன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கக் கூடாது, அவளுக்கு ஒரு பக்கத்தில் இருக்க வேண்டும். ஃபிளாஷ் கூடாது, டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். பிறகும் கண்ணாடியில் வெளிச்சம் பட்ட வெண்மை தெரிந்தால், காதின் மேல் உட்காரும் கண்ணாடிக் கம்பியை அரை விரல் உயர்த்தி வைக்கச் சொல்லுங்கள். கண்ணாடி கீழ்நோக்கிச் சாயும், வெண்மை ஓடிவிடும். முன்னாலிருந்து பார்ப்பவருக்கு அந்த உயர்த்தல் தெரியவே தெரியாது. அதுவும் போதாவிட்டால் முகத்தை ஜன்னலிலிருந்து இம்மி திருப்பச் சொல்லுங்கள். ஒவ்வொன்றாகச் செய்து பாருங்கள், ஒரேயடியாக எல்லாவற்றையும் மாற்றினால் எது பலித்தது என்று புரியாது.

இனி அந்த 18,000 ரூபாய். நான் 26 ஆண்டுகளாக ஸ்டுடியோ நடத்துகிறேன். 'பெண் வீட்டாரை அனுப்புகிறேன், எனக்கு இவ்வளவு கொடு' என்று என் வாசலுக்கே வந்து கேட்ட தரகர்கள் உண்டு. அந்தப் பங்கை யார் தலையில் கட்டுவார்கள்? உங்கள் தலையில்தான். அதற்கு ஈடாக நிறத்தை இரண்டு படி கூட்டி, கன்னத்தை ஒட்டவைத்து, வேறொரு பெண்ணின் படத்தைக் கையில் கொடுப்பார்கள். நேரில் பார்த்ததும் மாப்பிள்ளை வீட்டார் முகம் மாறினால், அந்த வலியைச் சுமப்பது உங்கள் மகள். நிறம் கூட்டிய படம்தான் 'எடுபடும்' என்று பெற்றோரையே நம்பவைத்திருக்கும் இந்த ஏற்பாட்டின் மீது எனக்குத் தீராத கோபம் இருக்கிறது. முன்பணம் கொடுத்துவிட்டு மீள முடியாத நிலை என்றால், இரண்டு நிபந்தனைகளை எழுதி வாங்குங்கள். திருத்தாத மூலப் படங்கள் அனைத்தையும் தர வேண்டும், உங்கள் சம்மதமில்லாமல் படத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. பல ஸ்டுடியோக்கள் மூலப் படத்தைத் தராமல், ஒவ்வொரு பிரதிக்கும் தனியாகக் காசு கேட்கின்றன.

ஒரு சாயங்காலம், நான்கரை மணிக்கு மேல், நேர் வெயில் விழாத வாசலுக்கு ஓரடி உள்ளே நிற்கவையுங்கள். பின்சுவர் அவளிடமிருந்து விலகி இருக்கட்டும். உடல் வெளிச்சத்தின் பக்கம் கொஞ்சம் திரும்பியிருக்க, முகம் மட்டும் உங்களைப் பார்க்கட்டும். மோவாயைத் துளி முன்னே கொண்டுவந்து தாழ்த்தினால் கழுத்து தெளிவாகும். பேசிக்கொண்டே எடுங்கள். நாற்பது ஐம்பது எடுத்தால் நான்கு தேறும், அதில் அவளுக்குப் பிடித்ததை அவளே தேர்ந்தெடுக்கட்டும்.

தலைக்கு மேலும் இரு பக்கமும் இடம் விட்டு எடுங்கள். வரன் தளங்கள் பலவும் படத்தைத் தாமாகவே சதுரமாக வெட்டுகின்றன, நெற்றியோ மோவாயோ போய்விடும். எத்தனை பேர் முறையிட்டாலும் யாரும் காதில் வாங்குவதில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது புகைப்படமாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' என்ற வழியில் அனுப்புங்கள். இல்லாவிட்டால் அது படத்தைச் சுருக்கிவிடும். இவ்வளவு பாடுபட்டு எடுத்த கண்கள் அங்கே மங்கிப்போகும்.